பத்தேகால் மணிச் சித்தர்

அத்தியாயம் ஐந்து

திருவண்ணாமலையில் சித்தர் நடமாடுகிறார் என்று யாராவது சொன்னால் அருணாதேவி மறுத்துப் பேச மாட்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அது வீண் வேலை என்று தெரியும். ஆனால் அந்தச் சித்தர் சனி, ஞாயிறு லீவு எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டபோதுதான் அவளுக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்தது.

"சித்தருக்கும் ஐ.டி. கம்பெனியிலதான் வேலை போலிருக்கு மேடம்," என்றான் இனியன். "கார்டு தேய்ச்சிட்டுத்தான் மலையை விட்டு இறங்குவாரு."

ஸ்கூட்டர் செங்கம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. மே மாதம். காலை எட்டே முக்காலுக்கே ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அருணாதேவி. நாற்பத்திரண்டு வயது, குறைந்த பேச்சு. அந்தக் குறையைத் தீர்த்து வைக்க வந்தவன் இனியன். இரண்டு வருடம் வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுத்தவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததால் அந்த வேலையை இழந்து இந்த வேலைக்கு வந்திருந்தான்.

அவர்களைக் கூப்பிட்டிருந்தது கீர்த்தனா. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிற பெண். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. நாலு அறைகளையும் தங்க வருகிறவர்களுக்கு விட்டாகிவிட்டது. கூடத்தில் அம்மா பச்சையம்மாள் விருந்தினர்களுக்கு இட்லி, தோசை போட, மகள் தோட்டத்துக் கோடியில் இருந்த தகரக் கொட்டகையை ஆபீஸ் ஆக்கிக்கொண்டாள். வீட்டு வைஃபை அவ்வளவு தூரம் எட்டவில்லை. அதனால் மாசி மாதத்தில் வீட்டின் பின்சுவரில், மாடி உயரத்தில், வெயில் மழை தாங்குகிற வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டித் தோட்டம் முழுக்க சிக்னல் வர வழி செய்தாள். இரண்டு மாதம் ஜோராக ஓடியது. அதற்குப் பிறகு சனி பிடித்தது.

வேலை நாட்களில் காலை பத்தேகாலுக்குக் கொட்டகையில் நெட் போய்விடும். பதினொரு மணிக்கு யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்துவிடும். பெட்டி மாட்டியவர்கள் இரண்டு முறை மத்தியானத்தில் வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இன்று காலை பத்து மணிக்குக் கீர்த்தனா ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டும். நடுவில் இன்னொரு முறை அறுந்தால் ஒன்றாம் தேதி முதல் பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிடு என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவள் போய்விட்டால் அறைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் பேச ஆள் கிடையாது. பச்சையம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அங்க போனா அம்மா அடுத்தவங்க அடுப்படியிலதான் நிப்பாங்க மேடம்," என்று கீர்த்தனா போனில் சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது. அருணாதேவி இந்த வழக்கை எடுத்துக்கொண்டதற்கு அந்தக் குரல்தான் காரணம்.

வாசலில் அவர்களை வரவேற்றது பச்சையம்மாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மண்பானையிலிருந்து ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வெட்டிவேர் போட்ட தண்ணீர். தொண்டையில் இறங்கும்போதே மே மாதம் மறந்துபோனது.

"நெட்டு நெட்டுன்னு பொண்ணு எளைச்சிப் போயிட்டா," என்றாள் பச்சையம்மாள். "யாரு பண்றாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்கம்மா. எவனா இருந்தாலும் அவன் கையை ஒடிச்சிடறேன்."

கையை ஒடிக்கிற அளவுக்குப் போக வேண்டாம் என்று அருணாதேவி சொல்லிப் பார்த்தாள். பச்சையம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

கீர்த்தனா போனில் சொன்ன சித்தர் கதை மூன்றாம் நம்பர் அறையிலிருந்து கிளம்பியிருந்தது. மார்த்தா என்ற ஜெர்மன் பெண்மணி. அறுபது வயது, காவி வேட்டியைப் போர்வையாகப் போர்த்தியிருந்தாள். தினமும் காலையில் கொட்டகைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிவிடுவாளாம். சனி, ஞாயிறு தவிர, சரியாகப் பத்தேகாலுக்கு யாரோ மெல்ல நடந்து போகிற உணர்வு வரும். கமண்டலத்திலிருந்து சொட்டுகிற மாதிரி தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பிறகு குளிர்ந்த காற்று, அதோடு ஏதோ ஒரு வேரின் வாசனை. அதே நேரத்தில் கொட்டகையில் நெட் நின்றுபோகிறது என்றால், அந்த மகானின் சக்திக்கு முன்னால் இந்த இயந்திரம் தலைவணங்குகிறது என்றுதானே அர்த்தம் என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். ஒருமுறையாவது கண்ணைத் திறந்து பார்த்தீர்களா என்று அருணாதேவி கேட்டாள். மார்த்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. தியானத்தில் இருக்கும்போது கண்ணைத் திறப்பார்களா?

"நல்ல சாட்சி மேடம்," என்று இனியன் முணுமுணுத்தான். "சம்பவ இடத்துலயே இருந்திருக்காங்க. பார்க்கலைங்கிறது ஒண்ணுதான் குறை."

மணி ஒன்பது பத்து.

கீர்த்தனா ஒரு நோட்டில் தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு வேலை நாட்களில் ஒன்பது நாள் நெட் போயிருந்தது. மூன்று நாள் போகவில்லை. அருணாதேவி அந்த ஒன்பது நாளைத் தள்ளிவிட்டு மூன்று நாளைப் பிடித்துக்கொண்டாள். அதில் இரண்டு நாள் கோடை மழை பெய்திருந்தது.

"மழைன்னா சிக்னல் கம்மியாகும்னுதான் எல்லாரும் சொல்வாங்க," என்றான் இனியன். "இங்க தலைகீழா இருக்கு."

மூன்றாவது நாள் பௌர்ணமி. அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் கீர்த்தனா யோசித்துவிட்டு, ஒன்றுமில்லை, அம்மா காலையிலேயே கிரிவலப் பாதையில் நீர்மோர் கொடுக்கப் போய்விட்டார்கள், தன் டீயைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, அவ்வளவுதான் என்றாள். அருணாதேவி நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுக் கொட்டகையைப் பார்க்கக் கிளம்பினாள்.

கொட்டகை நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். கதவு கோடிப் பக்கம் இருந்தது. அதில் ஓர் அட்டை தொங்கியது: 'மீட்டிங் நடக்கிறது. யாரும் வரக் கூடாது.' ஒரே ஒரு ஜன்னல், வீட்டைப் பார்த்து, கிழக்குப் பக்கம். உள்ளே அந்த ஜன்னல் கீர்த்தனாவின் முதுகுக்குப் பின்னால் வந்தது. வீடியோவில் ஆபீஸ் மாதிரி தெரிய வேண்டும் என்று அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு துணியைக் கட்டியிருந்தாள்.

இனியன் தகரத்தைத் தட்டிப் பார்த்தான். தகரத்தைத் தாண்டி சிக்னல் வராது என்றும், பின்சுவர்ப் பெட்டியிலிருந்து வருவது அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது என்றும் சொன்னான். அந்த மெல்லிசான துணி ஒன்றும் தடுக்காதாம்.

"போளூர் ரோட்டுல ஒரு வீடு மேடம். மூணு மாசமா நெட் சரியில்லைன்னு கம்ப்ளெயின்ட். போய்ப் பார்த்தா வைஃபை பெட்டிக்கு முன்னால நாலடிக்கு மீன் தொட்டி. அவ்வளவு தண்ணியைத் தாண்டி சிக்னல் எப்படிப் போகும்? தொட்டியை நகர்த்துங்கன்னேன். மீனுக்கு வாஸ்து ஒத்துக்காதுன்னாங்க. அப்போ மீனையே மெயில் பார்க்கச் சொல்லுங்கன்னேன். அன்னைக்குத்தான் என் வேலை போச்சு."

கதவில் இருந்த அட்டை எப்போது வந்தது என்று அருணாதேவி கேட்டாள். கீர்த்தனாவின் முகம் கொஞ்சம் சிவந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் மீட்டிங் நடுவில் அம்மா கேழ்வரகுக் கூழோடு உள்ளே வந்து, தொட்டுக்க வெங்காயம் வேணுமா என்று கேட்டுவிட்டாள். பெங்களூரிலும் சென்னையிலுமாகப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் அவளை எல்லாரும் வெங்காயம் என்றே கூப்பிட்டார்கள். அன்று மாலை அந்த அட்டையை எழுதி மாட்டினாள்.

அருணாதேவி கொட்டகையைச் சுற்றி வந்தாள். தோட்டத்து மண் வெயிலில் வெடித்துக் கிடந்தது. செடிகள் தலை தொங்கி நின்றன. ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும், கோடு போட்டது போல ஒரு வரிசை அருகம்புல் பச்சைப் பசேல் என்று முளைத்திருந்தது. அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த சணல் நார் ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

"சித்தர் தாடியா மேடம்?" என்றான் இனியன்.

கீர்த்தனாவுக்குச் சந்தேகமெல்லாம் ஒரே ஆள் மேல்தான். பக்கத்து வீட்டுப் பரசுராமன். ரிட்டையர் ஆனவர். சுற்றுச்சுவர் விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் நீளமான தொரட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மாடியில் நின்று அந்த வெள்ளைப் பெட்டியையே பார்ப்பதைக் கீர்த்தனா இரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

மணி ஒன்பது நாற்பது.

பரசுராமன் மாடியில்தான் இருந்தார். கையில் தொரட்டியும் இருந்தது. இனியன் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி, போலீஸ்காரன் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்தக் கோலை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அவர் பதில் சொல்வதற்குள் பதில் தானாகவே வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. பெரிய ஆண் குரங்கு. அது இனியனின் சட்டைப் பையை ஆர்வமாகப் பார்த்தது. பரசுராமன் தொரட்டியைத் தரையில் தட்டினார். குரங்கு சாவகாசமாக எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனது.

"அந்தப் பொட்டி மேலயும் வந்து உக்காரும்," என்றார் பரசுராமன். "அதைப் புடுங்கிப் போட்டுச்சுன்னா என்ன பண்றது? அதுக்குத்தான் காவல் காக்கறேன்."

பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பெட்டிக்கு நீங்கள் ஏன் காவல் என்று அருணாதேவி கேட்டாள். அவர் தொரட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சட்டைக் காலரைச் சரி செய்தார். பிறகு உண்மையைச் சொன்னார். ஆரணியில் இருக்கிற பழைய சிநேகிதர் ஒருவரோடு தினமும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை போனில் செஸ் ஆடுகிறார். ஆடுவது அந்தப் பெட்டியிலிருந்து வருகிற நெட்டில்தான். பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது? அவருடைய மனைவி சுவருக்கு மேலாக ஒரு கட்டு முருங்கைக் கீரை கொடுத்தாள். பச்சையம்மாள் பாஸ்வேர்டு கொடுத்தாள். பேச்சுவார்த்தை இல்லாதது பரசுராமனுக்கும் சுவருக்கும்தான்.

"பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்குமா?" என்றாள் அருணாதேவி. "நடுவுல நெட் நிக்குமா?"

"ஒருநாள்கூட நின்னதில்லைம்மா. நின்னா பரவாயில்லை. தோக்கற நேரத்துல நிக்குமான்னு நானும் பார்க்கறேன்."

அருணாதேவி அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் படியில் வேகமாக இறங்கினாள். இனியன் பின்னால் ஓடி வந்தான். இருந்த ஒரே குற்றவாளியும் நிரபராதி ஆகிவிட்டாரே என்று புலம்பினான்.

"பெட்டி நல்லா இருக்கு," என்றாள் அவள். "அதுலேர்ந்து கிளம்புற நெட்டும் நல்லா இருக்கு. பரசுராமனுக்கு வருது, கீர்த்தனாவுக்கு வரலை. அப்போ நடுவழியில யாரோ மறிக்கறாங்க. மழை பெஞ்சா மறிக்கறதில்லை. லீவு நாள்ல மறிக்கறதில்லை. பௌர்ணமி அன்னைக்கும் மறிக்கலை. நீ சொன்ன மீன் தொட்டியை நினைச்சுக்கோ."

"கொட்டகைக்கு முன்னால மீன் தொட்டி எதுவும் இல்லையே மேடம்."

"பத்தேகாலுக்கு வரும்," என்றாள் அருணாதேவி.

அவர்கள் தோட்டத்துக்கு வந்தபோது மணி பத்து எட்டு. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கீர்த்தனா ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. நல்ல குரல், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பயம் எட்டிப் பார்த்தது. வேப்பமரத்தடியில் மார்த்தா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அருணாதேவியும் இனியனும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தினார்கள். இனியன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பத்து பதினான்கு.

வீட்டுப் பின்வாசல் சத்தமில்லாமல் திறந்தது. ஓர் உருவம் வெளியே வந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டைவிரலை ஊன்றி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்தது. இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்திருந்த கோணிச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. காற்றில் வெட்டிவேர் மணத்தது. மார்த்தா பரவசமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டாள்.

பச்சையம்மாள்.

இனியனுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவனோடு மூன்று வருடம் வேலை செய்த அருணாதேவி அப்படி ஒரு காட்சியை அன்றுதான் பார்த்தாள். ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. ஜன்னலின் மேல் ஆணியில் சாக்கை மாட்டுவதற்காகப் பச்சையம்மாள் கையைத் தூக்கிவிட்டாள். அருணாதேவி நாலே எட்டில் போய்ச் சாக்கின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கீர்த்தனாவின் பேச்சு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வந்து ரகசியக் குரலில் பேசினார்கள்.

"உள்ள கொதிக்கும்மா," என்றாள் பச்சையம்மாள். "தகரம். ஃபேன் போட்டா அனல்தான் சுத்துது. பொண்ணு வேர்த்து ஊத்த ஊத்தப் பேசினு கெடக்கும். எங்க ஊர்ல மல்லாட்டை சாக்கை நனைச்சி ஜன்னல்ல போட்டா வூடே சில்லுனு ஆயிடும். கூடவே ரெண்டு வெட்டிவேரும் ஊறப் போடுவேன். டிபன் வேலை முடிஞ்சதும் மாட்டுவேன், பதினோரு மணிக்கு ஜன்னல்ல வெயில் போனதும் எடுத்துடுவேன். உள்ள போகக் கூடாதுன்னு அட்டை போட்டிருக்கா. அதான் சத்தமில்லாம."

அருணாதேவி மெல்லச் சொன்னாள். தகரத்தில் நுழைய முடியாத நெட்டுக்கு அந்த ஜன்னல்தான் ஒரே வாசல். அந்த வாசலில் இவ்வளவு தண்ணீர் குடித்த தடிச் சாக்கைத் தொங்கவிட்டால் பெட்டியிலிருந்து வருவது அங்கேயே நின்றுவிடும். மழை நாளில் வெக்கை இல்லை, அதனால் சாக்கு இல்லை, அதனால் நெட் இருந்தது. பௌர்ணமி அன்று சாக்கு மாட்டுகிறவர் நீர்மோர்ப் பந்தலில் இருந்தார். சனி, ஞாயிறு கொட்டகையில் ஆளே இல்லை.

பச்சையம்மாள் கையிலிருந்த சாக்கைப் பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ எம் பொண்ணை ஊரை வுட்டு அனுப்பப் பார்த்தது நானா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அருணாதேவிக்கு எத்தனையோ குற்றவாளிகளைப் பிடித்த அனுபவம் உண்டு. பிடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டது இவள் ஒருத்திக்குத்தான்.

கொட்டகைக்குள் கீர்த்தனா கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது குரலிலேயே தெரிந்தது. வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. பேச வேண்டியது இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி. அருணாதேவி கூரையைப் பார்த்தாள். தகரக் கூரை வழியாக நெட் எப்படியும் வரப்போவதில்லை. அங்கே எதைப் போட்டால் என்ன? எத்தனை சாக்கு இருக்கிறது என்று பச்சையம்மாளைக் கேட்டாள். ஆறு இருந்தது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை வந்த சாக்கு, கீழ்பென்னாத்தூர் அண்ணன் அனுப்பியது.

அடுத்த பத்தாவது நிமிடம் இனியன் ஏணியில் நின்றான். ஏணியைப் பச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள். அருணாதேவி சாக்கை வாளியில் முக்கி முக்கி மேலே கொடுத்தாள். சத்தம் போட்டால் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்ததால், சுடுகிற தகரத்தின் ஓரத்தில் முட்டி பட்டபோதுகூட அவன் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது சாக்கை விரித்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை நனைந்து, வெட்டிவேர் மணக்க மணக்க அவன் நிமிர்ந்தபோது மார்த்தா தியானம் கலைந்து கண்ணைத் திறந்தாள். கூரைக்கு மேலே, மலையைப் பின்னணியாகக் கொண்டு நின்ற உருவத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். இனியன் யோசிக்கவே இல்லை. வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டான்.

பதினொன்று ஐந்துக்குக் கதவு திறந்தது. கீர்த்தனா வெளியே வந்தாள். ஒரு வினாடிகூட அறுபடவில்லை என்றாள். வாடிக்கையாளருக்குத் திருப்தி. பெங்களூர் பேச்சை இனிமேல் எடுக்க வேண்டாம் என்று மேலாளரே சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே வந்தவள் ஏணியையும், வாளியையும், நனைந்து நின்ற இனியனையும் பார்த்து நின்றாள்.

"இன்னைக்கும் சில்லுனுதான் இருந்துச்சு," என்றாள் குழப்பத்தோடு. "ஆனா நெட் போகலை. யாரு மேடம் அது?"

தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்தை முடித்துவிட அருணாதேவி நினைத்திருந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் பச்சையம்மாள் முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான்டி," என்றாள். "உனக்கு வேர்க்குதேன்னு ஜன்னல்ல ஈரச்சாக்கு போட்டேன். அதுதான் நெட்டை மறிச்சிருக்குது. எவனா இருந்தாலும் கையை ஒடிக்கிறேன்னு இவங்ககிட்ட சொல்லி இருந்தேன். இந்தா." இரண்டு கையையும் நீட்டினாள்.

கீர்த்தனா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் ஊறி விரல்நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. அவள் அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தாள். வேப்பமரத்தைத் தாண்டி, பின்வாசலில் ஒதுக்கி வைத்திருந்த செருப்பைப் பார்த்தாள். ஒன்பது நாள் தன் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கால்கள் சத்தமில்லாமல் வந்து போனது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் உள்ளே போய் மார்க்கர் பேனாவை எடுத்து வந்தாள். கதவில் இருந்த அட்டையில், யாரும் வரக் கூடாது என்பதற்குக் கீழே, அம்மா வரலாம் என்று எழுதினாள்.

பச்சையம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நாளைக்குக் கூழ் எடுத்துனு வரட்டா?"

"எடுத்துனு வாம்மா," என்றாள் கீர்த்தனா. "வெங்காயம் வேணுமான்னு மட்டும் கேக்காத. வேணும்."